மிதித்தால் பேசும் பெட்டி

சத்தம் வருகிறதற்கு முதலே எனக்குச் சத்தம் கேட்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் வெள்ளாங்குளத்துப் பக்கம் இருந்த எல்லாருக்கும் காது கூர்மைதான். மற்றவர்கள் கேட்பார்கள், எந்தத் திசை என்று பார்ப்பார்கள், பிறகு விட்ட வேலையைத் தொடருவார்கள். நான் கேட்டதை விடமாட்டேன். தூரத்தில் குண்டு போடுகிற விமானம்போல ஒரு உறுமல் எழும்பினால் அது அடங்கும்வரைக்கும் உலையில் அரிசி போடமாட்டேன். போட்டபிறகு பங்கர்க் குழிக்கு ஓடவேண்டி வந்தால் சோறு கருகிவிடுமே என்று ஒரு யோசனை. ஓடாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்து செத்துப்போனால் என்று இன்னொரு யோசனை. இரண்டுக்கும் நடுவில் அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். மலைத் தோட்டத்தில் கலவரம் வந்தபோது அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளையும் இரண்டு சாக்கையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அந்தக் கடதாசிக்காக யார் திரும்பிப் போவது? அடுத்த வருசம் பார்ப்போம், அடுத்த வருசம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே நான் நாற்று நடப் பழகிவிட்டேன்.

அப்படிப்பட்டவளுக்கு மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனது எவ்வளவு பெரிய விசயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்ட நாயாய் அலைந்தவளும் நான்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் கட்டுக்கரைப் பக்கம் நெல்லு வெட்டப் போனவர், ஆமி பாதையைப் பூட்டிவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டார். எப்போதாவது யாரிடமாவது ஒரு கடிதம் வரும். எனக்கென்று கையெட்டும் தூரத்தில் இருந்தது மகள் மட்டும்தான். அவளோ காலையில் வெட்டவெளி றோட்டில் முக்கால் மணித்தியாலம் நடந்து போய், கூரை போன பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்ட ஓலைக் கொட்டகைக்குள் இருந்துவிட்டு வருவாள். அங்கே விஞ்ஞானத்துக்கு ஆளில்லை. புத்தகம் வந்து சேரவில்லை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது, பார்த்து எழுதினதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்தால் நின்றுகொண்டிருந்தார்கள். மகளுக்கும் அலுப்புத்தான். "இந்தத் தவணையோட நில்லு புள்ள" என்று நான் சொன்னபோது அவள் பெரிதாக ஒன்றும் மறுக்கவில்லை. பாதி வெற்றி எனக்கு என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒருநாள் பாவாடை ஓரமெல்லாம் சைக்கிள் மசகோடு வந்து நின்றாள். முகம் வேர்த்துக் கிடந்தது.

"இண்டைக்கு நான் சைக்கிள் ஓடினனான்."

எங்கே என்று கேட்டேன்.

"வகுப்புக்குள்ள."

நடந்தது இதுதான். கரையூரிலிருந்து வருகிற இளம் ரீச்சர் ஒருவர் தன் வீட்டில் சும்மா கிடந்த கசெற் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். பற்றறியை அந்த நாட்களில் ஆமி எங்கள் பக்கம் வரவிடாது, மின்சாரத்தைப் பிள்ளைகள் கண்டதே இல்லை. அதனால் ரீச்சர் தன் சைக்கிளைக் கொட்டகையின் பின்மூலையில் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து இரண்டு வயரைப் பெட்டிக்கு இழுத்துவிட்டார். ஒருவர் ஏறி மிதித்தால் பெட்டி பேசும். நிறுத்தினால் பெட்டியும் நிற்கும். பட்டணத்தில் ஒரு விஞ்ஞான வாத்தியார் பாடங்களைத் தன் குரலில் பதிந்து, ஒரு மாதா கோயில் சுவாமியார் மூலம் கொடுத்துவிட்டிருந்தார். சோதிக்கிற சென்றியில் ஆமி போட்டுக் கேட்டால் மாட்டக்கூடாது என்று கசெற்றின் தொடக்கத்தில் அரை வேதப்பாட்டு. பாட்டுத் திடீரென்று அறுந்து, "குருதிச் சுற்றோட்டம்" என்று வாத்தியாரின் குரல் வரும்.

ரீச்சர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். முந்தினநாள் கேட்ட பாடத்தில் கேள்வி கேட்பார். சரியான மறுமொழி சொல்லுகிறவர்தான் சைக்கிளில் ஏறலாம். வகுப்புக்கே வராமல் கடற்கரையில் திரிந்ததுகள்கூட சைக்கிளில் ஏறுவதற்காகப் பாடம் கேட்கத் தொடங்கிவிட்டதுகளாம். மகள் அன்றைக்கு மூன்று கேள்விக்குச் சொன்னாளாம். சொல்லும்போது அவளுக்குக் கண் நிற்கவில்லை, கை நிற்கவில்லை. எனக்குள் ஓடினது ஒன்றுதான்.

"டைனமோ சத்தம் போடுமா?"

"ஓம். ங்ங் எண்டு இரையும்." பள்ளிக்கூடத்தில் ஊர்ப்பேச்சு ஓம், வீட்டில் எங்கள் மலைப்பேச்சு ஆமா என்பது அவள் வழக்கம். அன்றைக்கு வீட்டிலும் ஓம் தான் வந்தது.

"அப்ப வெளியில வாற சத்தம் கேக்குமா?"

அவள் மசகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அது போதும் எனக்கு. காது கேட்காத ஒரு கொட்டகைக்குள் என் பிள்ளை உட்கார்ந்திருக்கப் போகிறாள். அடுத்த நாள் விடுகைப் பத்திரம் வாங்கவே நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்குக் கிடைக்காமல் போன அதே கடதாசி. வழி நெடுக அதை வாங்கி எங்கே பத்திரப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டு போனேன், கறையான் அரிக்காத இடமாக.

வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பொடியன் சைக்கிளில் ஏறி மிதிக்கிறான். வகுப்பு முழுக்கப் பெட்டியைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. ஒரு தலை திரும்பவில்லை. நான் வந்து நிற்பதே யாருக்கும் தெரியவில்லை. நான் மனுசி, நடந்து வந்தேன். நான் வேறொன்றாக இருந்து, மேலே இருந்து வந்திருந்தால்?

ரீச்சரிடம் அதைத்தான் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சிரிப்பார், இல்லாவிட்டால் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமில்லை.

"நீங்கள் சொல்லுறது சரி அக்கா. அது ஓடேக்கை எங்களுக்கு ஒண்டும் கேக்காது. பெட்டியையும் நிப்பாட்ட ஏலாது, நிப்பாட்டினால் இவையள் நாளைக்கு வரமாட்டினம்." கொஞ்சம் யோசித்தார். "உங்கடை காதை எங்களுக்குத் தாங்கோவன்."

அப்படித்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். விடியக் கூலி வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு, இல்லாவிட்டால் மகளோடேயே போய், விஞ்ஞான பாட நேரத்துக்குக் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன். மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் பள்ளிக்கூட மணி. சத்தம் கேட்டால் நான் அதில் இரும்பால் அடிக்க வேண்டும். பிள்ளைகள் பங்கருக்கு ஓடுவார்கள்.

முதல்நாளே அடித்துவிட்டேன். அது மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டாம் நாள் நெல்லுச் சூடடிக்கிற மெசின். பிறகு ஒருநாள் கச்சான் காற்று நன்றாக இறங்கி வீசிக்கொண்டிருந்தது. கடல் பக்கமாக, தாழ, ஒரே சீராக இல்லாமல் விட்டு விட்டு ஒரு உறுமல். அடி அடியென்று அடித்தேன். எல்லாரும் பங்கருக்குள் போய்க் குந்தினார்கள். கடற்கரைப் பிள்ளைகளில் ஒரு நெட்டைப் பெட்டை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மாமி, அது எங்கடை அப்பான்ரை எஞ்சின். பிளக் பழுது. அதுதான் அப்பிடி இருமுது."

பங்கர் முழுக்கச் சிரிப்பு. நான் மலையிலும் வயலிலும் வளர்ந்தவள். படகு எஞ்சினின் சத்தம் எனக்கு எப்படித் தெரியும்? அவர்களோ எது யாருடைய வள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார்கள். அந்த எஞ்சினுக்கு நான் பிறகும் இரண்டுதரம் மணி அடித்தேன். தெரிந்தும் அடித்தேன். அது அந்த எஞ்சின்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அதற்குள்ளே மற்றது ஒளிந்து வந்தால்?

பொம்பர் மாமி என்று எனக்குப் பேர் விழுந்தது. றோட்டில் போகும்போது பின்னாலிருந்து யாராவது வாயால் விமானம் ஓட்டுவார்கள். திரும்பினால் எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

பேர் பிடித்துக்கொண்டால் பரவாயில்லை. பாடம் நகரவில்லை என்பதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு தரமும் பங்கரால் வந்த பிறகு பாதி மறந்திருக்கும். ரீச்சர் பேனையைக் கசெற்றின் ஓட்டையில் விட்டுச் சுற்றிச் சுற்றி முன்னுக்குக் கொண்டுபோவார். திரும்பவும் அரை வேதப்பாட்டு, திரும்பவும் குருதிச் சுற்றோட்டம், திரும்பவும் இதயத்துக்கு நாலு அறைகள். அதைத் தாண்டுவதற்குள் நான் மணி அடித்துவிடுவேன். பிள்ளைகள் அலுத்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் சிலர் மறுபடி வராமல் நின்றார்கள். ரீச்சர் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சொல்லாததையெல்லாம் நான் மரத்தடியில் இருந்து யோசித்துக்கொண்டிருப்பேன்.

சொன்னது மகள். ஒருநாள் திரும்பி வரும் வழியில் எனக்கு முன்னால் போய்க்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"இனி நீங்க வந்தா நான் வரமாட்டன்."

நான் போகாவிட்டால் அவளை விடமாட்டேன். நான் போனால் அவள் வரமாட்டாள். ஆக, நான் நினைத்தது நடக்கப்போகிறது, அவளே நிற்கப்போகிறாள். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் நடந்த நடையைப் பார்த்தேன். அந்த நடை எனக்குத் தெரியும். அடுத்த வருசம் பார்ப்போம் என்று சொல்லப்பட்ட ஆளின் நடை.

மறுநாள் ரீச்சரிடம் போய், நான் இனி வரவில்லை, பத்திரத்தைத் தாருங்கோ, பிள்ளையும் நிற்கிறாள் என்றேன். ரீச்சர் என் கையைப் பார்த்தார். அது எப்போதும் எதையாவது முறுக்கிக்கொண்டிருக்கும், அன்றைக்குச் சேலைத் தலைப்பை.

மணியைப் பள்ளிக்கூட அதிபர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர். நான் சைக்கிளில் ஏறவேண்டுமாம். ஒரு பெரிய ஆள் மிதித்தால் பெட்டி ஒரே சீராகப் பேசும், பிள்ளைகள் எல்லாரும் எழுதலாம். சைக்கிள் ஓடவே தெரியாது என்றேன். அது எங்கேயும் போகாது அக்கா, பயப்பிடாதேங்கோ என்றார். மகளிடம் அவரே பேசினார். என்ன பேசினாரோ, மரத்தடியில் நான் இல்லை என்றால் வரலாம் என்று அவள் இறங்கிவந்தாள்.

வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. சட்டம் எல்லாருக்கும் சட்டம்தானே. மாமி மறுமொழி சொல்லவில்லையே, எப்படி ஏறலாம் என்று பின்வரிசை கேட்டது. நெட்டைப் பெட்டை எழும்பி, "மாமியிட்டையும் கேள்வி கேளுங்கோ ரீச்சர்" என்றாள். மகள் மேசைக்குக் கீழே போய்விடுகிறவள் போல் குனிந்துகொண்டாள்.

ரீச்சர் இலேசான கேள்வியாகக் கேட்டார். இதயத்துக்கு எத்தனை அறை?

"நாலு" என்றேன். நிறுத்த முடியவில்லை. மேலே இரண்டு, அது சோணை அறை. கீழே இரண்டு, அது இதயவறை. வலது பக்கம் கெட்ட குருதி, இடது பக்கம் நல்ல குருதி, நடுவில் சுவர், ஒன்றோடொன்று கலக்காது. வாத்தியார் மூச்சு எடுக்கிற இடத்தில் நானும் மூச்சு எடுத்துச் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வேன்? நான் மணி அடித்து அடித்து அந்த ஒரு துண்டைத்தானே அத்தனைதரம் ஓடவிட்டேன். மரத்தடிக்கு அது நன்றாகக் கேட்கும்.

வகுப்புக் கை தட்டியது. மகள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

இப்படித்தான் நான் ஏறினேன். சேலையைச் சொருகிக்கொண்டு, கீழே விழமாட்டேன் என்று தெரிந்தும் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. ஒற்றை அறைக் கொட்டிலில் இருக்கிறவளுக்குள் நாலு அறை இருக்கிறது என்பதை மிதிக்கும்போது யோசிப்பேன். யோசித்தால் கால் மெதுவாகிவிடும். கால் மெதுவானால் பெட்டிக்குள் வாத்தியாரின் குரல் காய்ச்சல்காரன் குரல்போல் இழுபடும். உடனே பின்வரிசை, "மாமி யோசிக்கிறா" என்று குரல் கொடுக்கும். நான் கெதியாக மிதிப்பேன், வாத்தியார் சுகமாகிவிடுவார். என் மனதில் ஓடுவதை அத்தனை பிள்ளைகளும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நின்ற பிள்ளைகள் திரும்ப வந்தார்கள், மாமி மிதிக்கிற வேடிக்கையைப் பார்க்க.

பாடம் நகரத் தொடங்கியது. நாலு அறையைத் தாண்டி நாங்கள் முதல்தடவையாக அடுத்த இடத்துக்குப் போனோம். வலது பக்கத்துக் கீழ் அறை சுருங்குகிறது. கெட்ட குருதி அங்கேயிருந்து கிளம்பி, மூச்சு விடுகிற சுவாசப்பைக்குப் போகிறது. இதயத்தை விட்டு வெளியே. எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டை விட்டு ஏன் போகவேண்டும்? போகிற வழியில் பாதை பூட்டினால்? கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். குருதி போய்க்கொண்டிருந்தது, நானும் போய்க்கொண்டிருந்தேன்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மகள்.

"அம்மா, பொம்பர். இறங்குங்க."

கண்ணைத் திறந்தால் வகுப்பில் ஒருவரும் இல்லை. கொப்பிகள் விரித்தபடி கிடந்தன. அதிபர் மணி அடித்திருக்கிறார், எல்லாரும் ஓடியிருக்கிறார்கள், நான் மட்டும் வெறும் வகுப்புக்குப் பாடம் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சத்தம் வருகிறதற்கு முதலே கேட்கிற நான். என்னைப் பங்கரில் காணாமல் மகள் அந்த வெளியைத் திரும்பவும் ஓடிக் கடந்து வந்திருக்கிறாள். நான் குதித்து இறங்க, வாத்தியாரின் குரல் ஒரு மாடு கத்துவதுபோல் இழுபட்டு அடங்கியது. அதன்பிறகுதான் மேலே இருந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டு குண்டு விழுந்தது. எங்களுக்குத் தூரம். பங்கரின் ஓரத்து மண் எங்கள் தலையில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. மகளின் மணிக்கட்டை நான் பிடித்த பிடியில் பிறகு நாலு விரலும் பதிந்து கிடந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன், நாளைக்கு இல்லை, இனி இல்லை. அவள் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். "ஆமா" என்றாள். பழைய வீட்டுச் சொல். அது எனக்குச் சண்டையைவிடக் கூடாததாக இருந்தது.

பொழுதுபட அடுப்பு மூட்டினேன். உலை கொதித்தது. எந்தச் சத்தமும் இல்லை, ஆனாலும் அரிசி போடவில்லை. வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு எப்போதும்போல் படபடக்க, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டேன், சுவாசப்பைக்குப் போன குருதி என்ன ஆனது என்று.

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "தெரியாது. பெட்டி நிண்டிட்டுதே."

புத்தகத்தில் இருக்காதா என்றேன். புத்தகம் எங்கே இருக்கிறது என்றாள்.

திரும்பி வராமலா இருக்கும், வராவிட்டால் மனிதர் எப்படி உயிரோடு இருப்பது என்று எனக்கும் தெரியும். ஆனால் எந்த வழியால் வருகிறது? போன வழியாலேயா? போன வழியால் வந்தால் கெட்டதோடு கலந்துவிடாதா? சோறு அன்றைக்கு வெகுநேரம் பிந்தியது.

காலையில் கூலிக்குப் போகிற உடுப்பை எடுத்தவள் திரும்ப வைத்தேன். சீப்பை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன், தலை பின்ன.

"வேணாம் எண்டீங்களே."

"குருதி அங்கேயே நிக்குது புள்ள. வா."

அவள் அசையாமல் இருந்து பின்னவிட்டாள். பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிவிட்டேன் போல. றோட்டில் அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடம் என் பயத்தை ஒளிக்கவில்லை. மிதிக்கிறேன், ஆனால் நேற்றுப்போல் எனக்குக் கேட்காவிட்டால், இவள் திரும்ப ஓடி வந்தால், அந்த வெளியில் என்னால் இவளைப் பறிகொடுக்க ஏலாது என்றேன். வகுப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நெட்டைப் பெட்டை எழும்பினாள்.

"எங்கடை அப்பா சங்கு குளிக்கப் போறவர் மாமி. கீழ போறவைக்கு ஒண்டும் கேக்காது. அதுக்கு இடுப்பில கயிறு கட்டுவினம். வள்ளத்தில நிக்கிற ஆள் சுண்டினால், கீழ என்ன சங்கு கிடந்தாலும் விட்டிட்டு மேல வந்திர வேணும்."

அன்றைக்கே ஒரு பொடியன் வீட்டுக்கு ஓடிப்போய் வலைக் கயிறு கொண்டுவந்தான். ஒரு நுனி வேப்பமரத்தடியில் அதிபரின் கையில். மற்ற நுனி ஓலைத் தட்டிக்குள்ளால் நுழைந்து வந்து என் இடுப்பில். முடிச்சை நெட்டைப் பெட்டை போட்டாள், கடலில் போடுகிற முடிச்சாம், அவிழாது. மகள் அதை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள். யார் பெற்ற பிள்ளை.

அந்த வருசம் முழுக்க அவள் வகுப்புக்குப் போனாள். விடுகைப் பத்திரத்தை நான் கேட்கவில்லை. பயம் குறைந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். அது இடுப்பில் கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

கயிறு கட்டின அன்றைக்கு ரீச்சர் பேனையை எடுத்துக்கொண்டார். அரை வேதப்பாட்டு, நாலு அறை, நடுச்சுவர். நேற்று நின்ற இடம் வந்தபோது பின்வரிசைகூட முன்னுக்குக் குனிந்தது. சுவாசப்பையில் குருதி சுத்தமாகிறதாம். வந்த வழியால் திரும்புவதில்லையாம். அதற்கென்று வேறு பாதை இருக்கிறதாம். அந்தப் பாதையால் வந்து இடது பக்கத்து மேல் அறைக்குள் நுழைகிறதாம். மகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். நுழைந்தபிறகு? அங்கேயிருந்து கீழ் அறைக்குப் போகும் கதவு திறக்காவிட்டால்?

இடுப்பில் கயிறு அசைந்தது. தட்டியின் ஓட்டையால் திரும்பிப் பார்த்தேன். காற்று. அதிபர் மற்றக் கையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

பெட்டிக்குள் வாத்தியார் இழுபடத் தொடங்கினார்.

"மாமி யோசிக்கிறா" என்றது பின்வரிசை.

நான் மிதித்தேன்.